கப்பற் பெட்டியின் சரித்திரம்

நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால் முதலிய கடற்கரை ஊர்களிலும், கடல் கடந்து பொருளீட்டியவர்கள் வாழ்ந்த செட்டிநாட்டு ஊர்களிலும், பழைய வீடுகளின் பரண்களை ஒழிக்கும் நாளில், மூலைகளில் இரும்புப் பட்டை தைத்து, பச்சையோ கறுப்போ வர்ணம் பூசி, மூடியின் மேல் வெள்ளை எழுத்துகளால் உடையவரின் பெயரும் அதன் கீழே பினாங்கு என்றோ சிங்கப்பூர் என்றோ ஊர்ப்பெயரும் எழுதப்பெற்ற தகர டிரங்குப் பெட்டி ஒன்று வெளிப்படுவதுண்டு. வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு அது பழைய பித்தளைச் சாமான்களைப் போட்டுவைக்க உதவும் ஒரு பெட்டியாகவே தோன்றும். ஆனால், கடலைக் கடந்துசெல்லும் மனிதன் தன் உடைமைகளுள் எதை உடன் எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது, எதைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது என்று பல தலைமுறைகளாக ஆலோசித்துக் கண்ட முடிவுகளெல்லாம் அந்தத் தகரப் பெட்டியின் நீள அகலங்களில் அடங்கியிருக்கின்றன என்பதை, அதன் பூர்விகத்தை அறிந்தவர்களே உணர்வார்கள்.

தரைவழியாகப் பிரயாணம் செய்பவன் ஒரு பொருளை மறந்துவிட்டால் அடுத்த ஊர்க் கடைத்தெருவில் அதை வாங்கிக்கொள்ளலாம். நடுக்கடலில் கடைத்தெரு கிடையாது. ஆகவே, எல்லாவற்றையும் எடுத்துச் செல்லவேண்டும் என்ற அச்சம் கடற்பிரயாணிக்கு இயல்பாகவே உண்டாகிறது. அதே சமயத்தில், கப்பலைப்போல இடம் அருமையான வாசஸ்தலமும் உலகில் வேறு இல்லையாதலால், குறைவாகவே எடுத்துச் செல்லவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அவனுக்கு இருக்கிறது. இந்த அச்சத்துக்கும் நிர்ப்பந்தத்துக்கும் இடையே காலந்தோறும் செய்துகொள்ளப்பட்ட சமரசமே கப்பற் பெட்டியின் சரித்திரம். அந்தச் சரித்திரத்தை ஆராய்ந்து பார்க்கும்போது, சாமான்களைக் குறைப்பதைக் காட்டிலும் அவற்றைச் சரியாகப் பிரிப்பதே முதன்மையானது என்பதும், பிரிக்கத் தெரிந்தவனுக்குக் குறைப்பது தானாகவே கைகூடிவிடுகிறது என்பதும் விளங்குகின்றன.

பாய்மரக் கப்பல்களில் தொழில் செய்த மேனாட்டு மாலுமியின் மரப்பெட்டியிலிருந்து இந்த வரலாற்றைத் தொடங்கலாம். அப்பெட்டி, கப்பல் அலைகளில் சாயும்போது கவிழாமல் இருக்கும்பொருட்டு, அடிப்புறம் அகன்றும் மேற்புறம் சற்றுக் குறுகியும் செய்யப்பட்டிருக்கும். இரு பக்கங்களிலும் உலோகக் கைப்பிடிகளுக்குப் பதிலாக, மாலுமியே ஓய்வு நேரத்தில் அழகுறப் பின்னிய கயிற்றுப் பிடிகள் தொங்கும். அதுவே அவனுக்கு உட்காரும் ஆசனம், அதுவே மேஜை, அதுவே வீடு. மூடியைத் திறந்தால், ஒரு பக்கத்து ஓரமாக, மேல்விளிம்பை ஒட்டித் தனி மூடியுடன் ஒரு சிறிய உள்ளறை இருக்கும். ஊசி, நூல், சவரக் கத்தி, வீட்டிலிருந்து வந்த கடிதம் ஆகிய சிறு பொருள்கள் அதற்குள் இருந்தன. அடியில் கிடக்கும் கனத்த உடைகளைக் கலைக்காமல், அடிக்கடி தேவைப்படும் சிறு பொருளை ஒரு நொடியில் எடுக்கவேண்டும் என்பதே அந்த உள்ளறையின் நோக்கம். நம் வீட்டுச் சமையலறையில் கடுகும் சீரகமும் வெந்தயமும் ஒன்றோடொன்று கலவாமல், கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாலும் வேண்டியது கிடைக்கும்படி அமைந்த அஞ்சறைப் பெட்டியின் தத்துவமும் இதுவே அல்லவா? போர்க்கப்பல்களிலோ இடம் இன்னும் அருமை. ஒரு மாலுமி தன் தூங்குபடுக்கையைக் கட்டிக்கொள்வதற்கு 14 அங்குல அகலமே ஒதுக்கப்பட்டிருந்த பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில், மரப்பெட்டிக்கு ஏது இடம்? சாதாரண மாலுமிகள் கித்தான் துணிப்பைகளைக்கொண்டே காலம் தள்ளினார்கள்.

மாலுமியின் நிலை இதுவானால், கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இந்தியாவுக்கு வந்த பிரயாணிகளின் நிலை இதற்கு நேர்மாறாக இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நீடித்த அந்தப் பிரயாணத்துக்குப் பணம் கொடுத்தவனுக்குக் கிடைத்தது, பலகையாலோ கித்தானாலோ தடுக்கப்பட்ட ஒரு வெற்றிடமே. கட்டில், மேஜை, நாற்காலி, கைகழுவும் தொட்டி முதலியவற்றை அவனே விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, புயலில் உருண்டுவிடாதபடி தரையோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளவேண்டும். நன்னீர் குடிப்பதற்கே அளந்து கொடுக்கப்பட்டதால், துணி துவைப்பதற்கு வழியில்லை. கடல்நீரில் சாதாரணச் சோப்பு நுரைப்பதில்லை. அப்படியே துவைத்தாலும், உப்பு ஏறிய துணி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும். ஆகையால், அழுக்குத் துணியைக் கரை சேரும்வரை மூட்டை கட்டி வைத்துவிட்டு, நாள்தோறும் புதிய சட்டையை எடுத்து உடுத்துவதே வழக்கமாயிற்று. இந்தியாவுக்குப் புறப்படும் இளைஞர்களுக்கு அக்காலத்தில் தயாரிக்கப்பட்ட ஜாபிதாக்களில் சட்டைகள் டஜன் டஜனாகக் குறிக்கப்பட்டதற்குக் காரணம் ஆடம்பரம் அன்று, தண்ணீர்ப் பஞ்சமே. பிரயாணச் சுமையைப் பற்றி ஆராயும்போது இதை மறத்தலாகாது: எடுத்துச் செல்லும் உடையின் அளவைத் தீர்மானிப்பது பிரயாணத்தின் நீளம் மட்டும் அன்று, இடையில் துவைக்க முடியுமா, முடியாதா என்பதும் ஆகும்.

நீராவிக் கப்பல் தோன்றியபின் இந்நிலை மாறத் தொடங்கியது. பி அண்டு ஓ கப்பற் கம்பெனியாரின் ‘ஹிந்துஸ்தான்’ என்னும் கப்பல் 1842ஆம் ஆண்டு செப்டம்பரில் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டுவந்து, சூயெஸுக்கும் கல்கத்தாவுக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கிவைத்தது. அந்த மார்க்கத்தில் இலங்கையின் காலித் துறைமுகமும் நம் சென்னையும் இடையிலுள்ள தங்குமிடங்களாயின. சூயெஸ் கால்வாய் வெட்டப்படாத அக்காலத்தில், மத்தியதரைக் கடலில் வந்த பிரயாணிகள் எகிப்தில் இறங்கி, நைல் நதியில் படகேறிக் கெய்ரோவை அடைந்து, அங்கிருந்து பாலைவனத்தை வண்டிகளில் கடந்து, சூயெஸில் மறுபடியும் கப்பலேறினார்கள். அவர்களுடைய பெட்டிகளோ ஒட்டகங்களின் முதுகில் சென்றன. ஒட்டகத்தின் இரு பக்கங்களிலும் சமனாகத் தொங்கவேண்டுமாதலால், ஒரே பெரிய பெட்டியில் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வருபவன் அவதிப்பட்டான். சாமான்களைச் சம எடையுள்ள சிறு பெட்டிகளாகப் பகிர்ந்துகொண்டவன் கவலையின்றிச் சென்றான்.

பெட்டியின் வடிவம் திருந்தியதும் ஏறத்தாழ இக்காலத்தில்தான். குதிரை வண்டியின் மேல் வைத்துக் கட்டப்பட்ட பழைய பெட்டிகள், மழைநீர் வழிந்தோடும்பொருட்டு, வீட்டுக் கூரையைப்போல வளைந்த மூடியை உடையனவாக இருந்தன. தெருவில் செல்லும் வண்டிக்கு ஏற்ற அந்த வளைவு, கப்பலின் அடித்தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்குப் பெருந்தடையாயிற்று. பிரான்ஸ் தேசத்தின் ஜூரா மலைப்பகுதியில் 1821இல் பிறந்து, இளம் பருவத்திலேயே கால்நடையாகப் பாரிஸ் நகரம் சேர்ந்து, பெட்டி செய்யும் ஒருவரிடம் தொழில் பயின்று, 1854இல் சொந்தமாகக் கடை தொடங்கிய லூயி விட்டோன் என்பவர், 1858இல் மூடி தட்டையான பெட்டியைச் செய்து, தோலுக்குப் பதிலாகத் தண்ணீர் புகாத சாம்பல் நிறக் கித்தானை அதன்மேல் போர்த்தினார். மூடியின் வளைவை நிமிர்த்திய அந்தச் சிறிய மாறுதலினால், பெட்டிகள் செங்கற்களைப்போல அடுக்கிவைக்கத் தக்கனவாயின.

1869இல் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், இங்கிலாந்தில் ஏறிய பிரயாணி பம்பாயிலோ கொழும்பிலோ இறங்கும்வரை அதே கப்பலில் செல்லக்கூடியவனானான். அந்தச் சில வாரப் பிரயாணத்துக்குள்ளேயே அவன் இருவேறு சீதோஷ்ணங்களை அநுபவிக்கவேண்டியிருந்தது. பிஸ்கே விரிகுடாவில் கம்பளி உடை இல்லாமல் இருக்க முடியாது. செங்கடலில் கம்பளி உடையோடு இருக்க முடியாது. போர்ட் ஸெய்ட் துறைமுகத்தை அடைந்ததும், கிழக்கு நோக்கிச் செல்பவர்கள் ஸைமன் ஆர்ட்ஸ் என்னும் பெரிய கடையில் வெயில் தொப்பி வாங்கி அணிந்துகொள்வார்கள். கப்பல் அதிகாரிகளும் கருநீல உடையைக் களைந்து வெள்ளுடைக்கு மாறுவார்கள். இவ்வாறு நடுவழியில் உடை மாற்றவேண்டிய அவசியம் ஒருபுறமும், சிறிய கேபின்களில் இருவரும் மூவரும் சேர்ந்து வசிக்கவேண்டிய நெருக்கடி மறுபுறமும் சேர்ந்தே, கப்பற் பிரயாணத்துக்கு உரிய மிகச் சிறந்த ஏற்பாட்டைத் தோற்றுவித்தன. மூன்று சீட்டுகளே அந்த ஏற்பாடு.

பெட்டிகளின்மேல் ஒட்டுவதற்காகக் கப்பற் கம்பெனியார் பிரயாணிகளுக்குச் சீட்டுகளை அளித்தார்கள். ‘கேபின்’ என்ற சீட்டு ஒட்டிய பெட்டி பிரயாணியின் அறைக்கே வரும். படுக்கைப் பலகைக்கு அடியில் தள்ளிவைக்கவேண்டுமாதலால் அதன் உயரம் ஏறத்தாழ 14 அங்குலத்துக்குமேல் போகலாகாது. நம் பரண்களில் கிடக்கும் தகரப் பெட்டி நீண்டு தாழ்ந்து தட்டையாக இருப்பதற்கு மூலகாரணம் இந்தப் படுக்கையின் உயரமே. ‘பிரயாணத்தில் வேண்டியது’ என்ற சீட்டு ஒட்டிய பெட்டி, சாமான் அறையில் வைக்கப்படும். குறித்த நாட்களில் குறித்த நேரத்தில் அவ்வறை திறக்கப்படும்போது, பிரயாணி அங்கே சென்று வேண்டிய உடைகளை எடுத்துக்கொண்டு, வேண்டாதவற்றை வைத்துவிட்டு வரலாம். ‘பிரயாணத்தில் வேண்டாதது’ என்ற சீட்டு ஒட்டியது கப்பலின் அடிவயிற்றுக்குள் போய்விடும். இறங்கும் துறைமுகம் வரும்வரை அதைக் கண்ணால் காண முடியாது. இன்று வேண்டியது, இடையில் வேண்டியது, இறங்கியபின் வேண்டியது என்று தன் உடைமைகளை மூன்றாகப் பகுத்துப் பார்க்கும்படி, புறப்படுவதற்கு முன்பே அந்த மூன்று காகிதத் துண்டுகளும் ஒவ்வொரு பிரயாணியையும் கட்டாயப்படுத்தின. வீட்டில் இருக்கும்வரை எல்லாமே அவசியமாகத் தோன்றும். சீட்டை ஒட்டுவதற்காகக் கையில் எடுக்கும்போதுதான், எது உண்மையில் அவசியம் என்ற விசாரணை பிறக்கிறது.

அந்த விசாரணையில் ஒரு சிறிய பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க, நம் தேசப்பிதாவின் வாழ்க்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1888 செப்டம்பர் 4ஆம் தேதி, பதினெட்டு வயது இளைஞராகப் பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்தி, கரையில் இறங்கும்போது உடுத்துவதற்கென்றே நண்பர்கள் தந்த வெள்ளை ஃபிளானல் உடையைத் தனியே பத்திரப்படுத்தி, கப்பலில் இருந்த நாளெல்லாம் கறுப்பு உடையையே அணிந்துவந்தார். ஸௌதாம்ப்டனில் இறங்கும் வேளையில் வெள்ளுடை உடுத்திக்கொண்டு, மற்றப் பெட்டிகளையும் அவற்றின் சாவிகளையும்கூட, உடன் வந்தவர்கள் செய்ததைப் பார்த்து, சாமான்களைக் கொண்டுசேர்க்கும் ஏஜெண்டிடம் ஒப்படைத்துவிட்டார். கரையில் இறங்கிப் பார்த்தால், குளிர் தொடங்கிவிட்ட அந்தப் பருவத்தில் வெள்ளுடை அணிந்தவர் அவர் ஒருவரே. ஹோட்டலுக்குப் போனதும், மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாதலால் பெட்டிகள் வந்துசேர மாட்டா என்று தெரிந்தது. அவருக்கு உண்டான கூச்சத்தையும் எரிச்சலையும் தம் சுயசரிதையில் அவர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். அவரிடம் உடைக்குக் குறைவில்லை. தக்க உடை தக்க இடத்தில் இல்லாததே குறை. கடைசி நாளுக்கு உரியதைப் பிரித்துக் கையில் வைத்துக்கொள்ளவேண்டும் என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாகக் கூறும் நிகழ்ச்சி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

காந்தியடிகள் லண்டன் சேர்ந்த மறு ஆண்டில், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், ஓர் இளம்பெண் ஒரே ஒரு கைப்பையைக்கொண்டு பிரயாண உலகத்தையே வியப்பில் ஆழ்த்தினாள். நியூயார்க் நகரத்து ‘வேர்ல்டு’ பத்திரிகையில், நெல்லி பிளை என்ற புனைபெயரில் எழுதிவந்த எலிசபெத் காக்ரேன், கற்பனைக் கதையில் ஜூல்ஸ் வேர்ன் சொன்ன 80 நாட்களுக்குள் உலகைச் சுற்றிவருவதாகக் கூறியபோது, பத்திரிகையின் நிர்வாகி இரண்டு தடைகளை எடுத்துச் சொன்னார். ஒரு பெண்ணுக்கு ஆண் துணை வேண்டும் என்பது ஒன்று. பெண் என்றால் பெட்டிகள் ஏராளமாக இருக்குமாதலால், கப்பலுக்குக் கப்பல் விரைந்து மாற முடியாது என்பது மற்றொன்று. பெட்டியைக் காரணமாகக் காட்டிப் பெண்ணின் பாதையை அடைத்த அந்த எண்ணத்துக்கு அவர் தம் செயலாலேயே விடை அளித்தார்.

அடிப்பக்கம் 16 அங்குல நீளமும் 7 அங்குல அகலமும் உள்ள ஒரு தோல் கைப்பையை அவர் வாங்கினார். இரண்டு தொப்பிகள், மூன்று முகத்திரைகள், ஒரு ஜோடிச் செருப்பு, தலைவாரி முதலிய அலங்காரச் சாமான்கள், மைக்கூடு, பேனாக்கள், பென்சில்கள், எழுதும் தாள், ஊசி, நூல், ஓர் அங்கி, ஒரு மெல்லிய கோட்டு, குடிப்பதற்கு ஒரு கோப்பை, மாற்று உள்ளாடைகள், கைக்குட்டைகள் ஆகியவை அந்தப் பைக்குள் புகுந்தன. வெப்ப நாடுகளில் உடுத்துவதற்கென்று தைக்கச் சொன்ன மற்றோர் உடையையும் அதில் அடைத்துவிடப் பலவாறு முயன்று பார்த்தார், அது அடங்கவில்லை. இன்னொரு பையை எடுத்துக்கொள்வதா, அந்த உடையை விட்டுவிடுவதா என்ற கேள்வி எழுந்தபோது, உடையையே விட்டுவிட்டார். எல்லாவற்றிலும் அதிகத் தொல்லை கொடுத்தது முகத்துக்குப் பூசும் களிம்பு அடங்கிய ஒரு ஜாடியே. பையை மூடப்போகும் ஒவ்வொரு முறையும், மூடவொட்டாதபடி அது எங்கிருந்தோ வந்து குறுக்கே நின்றதாக அவர் எழுதுகிறார். பிரயாணத்துக்குப் பெட்டி கட்டிய அநுபவம் உள்ள எவரும் அந்த ஜாடியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

1889 நவம்பர் 14ஆம் தேதி, உடுத்திய உடையும் கட்டம் போட்ட நீண்ட மேலங்கியும் கைப்பையுமாக, ‘அகஸ்டா விக்டோரியா’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார். இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி, சூயெஸ், ஏடன் வழியாகக் கொழும்பு வந்தவர், அடுத்த கப்பலுக்காக அங்கே ஐந்து நாள் காத்திருக்க நேர்ந்தது. பிறகு பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங், யோகோஹாமா, சான் பிரான்சிஸ்கோ ஆகிய இடங்களைக் கடந்து, 72 நாட்களில் திரும்பி வந்துசேர்ந்தார். மாலை விருந்துக்கு உரிய உடை இல்லையே என்று அவர் வருந்தியது ஒரே ஒரு தடவைதான். ஹாங்காங்கில் ஓர் உத்தியோக விருந்துக்கு அழைக்கப்பட்டபோது. அவருக்குப் போட்டியாக, மற்றொரு பத்திரிகையின் சார்பில் அதே நாளில் எதிர்த்திசையில் புறப்பட்ட எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற அம்மையார், ஒரு கப்பற் பெட்டியும் ஒரு பெரிய தோற்பையும் சால்வைக் கட்டும் எடுத்துக்கொண்டு, 76 நாட்களில் வந்துசேர்ந்தார். நான்கு நாள் வித்தியாசத்துக்குச் சாமான்களே காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆனால், பெண்களால் சில மணி நேரத்தில் பெட்டி கட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றிவர முடியும் என்பதை இருவருமே நிரூபித்துவிட்டார்கள்.

நெல்லி பிளை ஏறிச் சென்ற அதே ‘அகஸ்டா விக்டோரியா’, 1891 ஜனவரி 22ஆம் தேதி ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபென் துறைமுகத்திலிருந்து, மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்ப்பதற்காக மட்டும் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடப்போர் தொகை குறைந்து கப்பல்கள் வீணே நிற்பதைக் கண்ட கம்பெனி நிர்வாகி ஆல்பர்ட் பாலின் செய்த யோசனை இது. ஓரிடம் போய்ச் சேருவதற்காக அன்றி, கடலில் உலாவுவதற்காகவே கப்பலேறும் வழக்கம் அதுமுதல் வேரூன்றியது. உல்லாசப் பிரயாணம் என்றதும் பெட்டிகளும் பெருத்தன. நிமிர்த்தி வைத்துப் புத்தகத்தைப்போல விரித்தால், ஒரு பக்கம் உடைகள் கொக்கிகளில் தொங்க, மறு பக்கம் சிறு சிறு இழுப்பறைகள் அமைந்த அலமாரிப் பெட்டிகள் செல்வர்களுடன் பிரயாணம் செய்தன. ஆயினும் அந்த ஆடம்பரத்தின் நடுவிலும் பிரித்துவைக்கும் அறிவு மறையவில்லை. 1901இல் விட்டோன் கம்பெனியார் செய்த ‘ஸ்டீமர் பை’ என்னும் கித்தான் பையை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். பிரயாணத்தின் இடையே அதை விரித்து மாட்டி, உடுத்துக் களைந்த துணிகளை அதில் போடலாம். தூய துணியும் அழுக்குத் துணியும் ஒரே பெட்டிக்குள் கலத்தலாகாது என்னும் சாதாரண உண்மைக்காகச் செய்யப்பட்ட பை அது.

காந்தியடிகள் மறுபடியும் இந்தச் சரித்திரத்துக்குள் வருகிறார். 1931 ஆகஸ்டு 29ஆம் தேதி, வட்டமேஜை மகாநாட்டுக்காகப் பம்பாயில் ‘ராஜ்புதானா’ கப்பலில் அவர் ஏறியபோது, லண்டன் குளிரை எண்ணி அஞ்சிய அன்பர்கள் அவருடைய பரிவாரத்துடன் பெட்டிகளையும் துணிமணிகளையும் நிறைய ஏற்றியனுப்பிவிட்டார்கள். கப்பல் நகர்ந்தபின் அதைக் கண்ட அடிகள் மிகவும் மனம் நொந்து, உடன் வந்தவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டார். ஏழைகளின் பிரதிநிதியாகப் போகிறவனின் பின்னே இத்தனை பெட்டிகள் வரலாமா என்பதே அவருடைய துக்கம். அவசியமானவை, அநாவசியமானவை என்று பிரித்து, மிகுதியான பெட்டிகள் ஏடன் துறைமுகத்திலிருந்தே பம்பாய்க்குத் திருப்பியனுப்பப்பட்டன. நாற்பத்துமூன்று ஆண்டுகளுக்குமுன் பெட்டிச் சாவியைக்கூட ஏஜெண்டிடம் கொடுத்துவிட்டுத் திகைத்து நின்ற இளைஞர், இப்போது நடுக்கடலிலேயே தம் உடைமைகளைப் பிரித்துத் திருத்தும் ஆற்றல் பெற்றவராக விளங்கினார்.

நம் தமிழ் மக்கள் இந்தச் சரித்திரத்தில் பெற்ற இடம் கேபின்களில் அன்று, கப்பலின் தளத்திலேயே. 1926இல் கிளாஸ்கோ நகரத்தில் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் சென்றுவந்தது. தொடக்கத்தில் அதில் 5,000க்கு மேற்பட்ட தளப் பிரயாணிகளை ஏற்றிக்கொள்ள அநுமதி இருந்தது என்றால், ஒருவருக்குக் கிடைத்த இடம் எவ்வளவு என்று கணக்கிடவே தேவையில்லை. நாகப்பட்டினத்தில் அக்கப்பல் கரையோரம் வந்து நின்றதில்லை. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு ஆட்களும் சாமான்களும் படகுகளிலேயே சென்று ஏறவேண்டியிருந்தது. அலையில் எழும்பியும் தாழ்ந்தும் ஆடும் படகிலிருந்து, தன்னால் தூக்கிக் கொடுக்கக் கூடியதே தன் சாமான் என்பது அங்கே இயற்கை விதித்த நியதி.

ஆகவே ஒரு டிரங்குப் பெட்டி, பாயில் சுருட்டிய படுக்கை, திருகுமூடியுள்ள கூஜா, கட்டுச்சோறும் ஊறுகாயும் வைத்த ஒரு பை என்ற அளவில் நம்மவர் தம் உலகத்தை அடக்கிக்கொண்டார்கள். தளத்தில் பாயை விரித்ததும் அதுவே வீடாயிற்று. தலைமாட்டில் பெட்டி வைத்ததும் அதுவே சுவராயிற்று. கூஜாவும் கட்டுச்சோறும் கைக்கெட்டும் தூரத்தில். மாற்று வேட்டி பெட்டியின் மேலடுக்கில். ஊர் போய்ச் சேர்ந்தபின் உறவினருக்குக் கொடுக்கவேண்டிய பொருள்களும் புது உடையும் பெட்டியின் அடியில். சீட்டு ஒட்டித்தர எவரும் இல்லாமலே, மூன்று சீட்டுகளின் தத்துவத்தை ஒரே பெட்டிக்குள் அவர்கள் நிறைவேற்றிக்கொண்டார்கள். பிரயாணச் சாமான் முழுவதையும் ‘பெட்டி படுக்கை’ என்ற இரண்டே சொற்களில் சொல்லிவிடும் நம் மொழி வழக்கு, அந்த எளிய வாழ்வுக்குத் தக்க சாட்சியாக இருக்கிறது. ரஜூலாவுக்குப் பின் வ. உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் தாங்கிய ‘சிதம்பரம்’ கப்பல் இத்தடத்தில் ஓடி, 1985இல் நேர்ந்த தீ விபத்தோடு நின்றது. அதனோடு தகரப் பெட்டியின் காலமும் முடிந்தது.

உண்மையில், அதற்கு முன்பே ஆகாய விமானம் பெட்டியின் இலக்கணத்தை மாற்றிவிட்டது. 1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கியபின், போக்குவரத்துக் கப்பல்கள் ஒவ்வொன்றாக மறைந்து, உல்லாசக் கப்பல்களே எஞ்சின. கப்பல், பெட்டி அடைக்கும் இடத்தைக் கன அடியில் அளந்தது; விமானமோ எடையைத் தராசில் அளந்தது. மரமும் இரும்பும் தோலும் நீங்கிப் பெட்டி இலேசாயிற்று. 1970இல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் பெட்டிக்குச் சக்கரம் பூட்டும் யோசனையைக் கண்டு, 1972இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1987இல் ராபர்ட் பிளாத் என்ற விமானி, நிமிர்த்தி இழுத்துச் செல்லும் நீண்ட கைப்பிடியை அதற்கு அமைத்தார். சுமை கூலியாளின் தலையிலிருந்து இறங்கித் தரையில் உருளத் தொடங்கியது. அதனால் ஒரு தீமையும் விளைந்தது: தூக்கிப் பார்க்கும்போது கை உணர்த்திய எச்சரிக்கையை உருட்டும்போது நாம் இழந்துவிட்டோம்.

இன்று சென்னைத் துறைமுகத்திலிருந்தே உல்லாசக் கப்பலேறும் காலம் வந்துவிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அத்தகைய பிரயாணம் அங்கே தொடங்கிவைக்கப்பட்டது. மிதக்கும் நகரங்களாகத் தோன்றும் இக்கப்பல்களிலும், பழைய ஏற்பாடு உருமாறி உயிரோடிருக்கிறது. துறைமுகத்தில் ஒப்படைத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். ஆகையால், மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, முதல் நாள் மாற்றுடை ஆகியவற்றைத் தோளில் மாட்டிய சிறு பையிலேயே வைத்துக்கொள்வது நலம். இறங்குவதற்கு முந்திய இரவில், பெட்டிகளைக் கட்டிக் கதவுக்கு வெளியே வைத்துவிடும்படி பல கப்பல்களில் அறிவிக்கிறார்கள். அப்போது எல்லாவற்றையும் கட்டி வெளியே வைத்துவிட்டு, காலையில் உடுத்துவதற்கு ஒன்றுமில்லாமல் இரவு உடையோடு திகைத்து நிற்கும் பிரயாணிகள் இன்றும் இருக்கிறார்கள். 1888இல் ஸௌதாம்ப்டனில் நடந்தது மறுபடியும் மறுபடியும் நடந்துகொண்டே இருக்கிறது. துவைத்துக் கொடுக்கும் வசதி இப்போது கப்பலிலேயே இருப்பதால், டஜன் கணக்கில் சட்டை எடுத்துச் சென்ற காலத்தின் காரணமும் மறைந்துவிட்டது. காரணம் மறைந்தபின்னும் வழக்கத்தை மட்டும் நாம் சுமந்துகொண்டிருப்பது எதற்காக?

ஆதலால், கடற்பிரயாணம் செல்லவிருக்கும் அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, எடுத்துச் செல்ல எண்ணியவற்றையெல்லாம் பாயில் பரப்பி, பழைய கப்பற் கம்பெனியார் செய்ததைப்போல மூன்று குவியலாகப் பிரித்துப் பாருங்கள்: ஏறிய அன்றே வேண்டியவை, இடையில் வேண்டியவை, இறங்கும் நாளுக்கு வேண்டியவை. இந்த மூன்றில் எதிலும் சேராமல் பாயில் எஞ்சிக் கிடப்பது எதுவோ, அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுங்கள்.